கேட்டால் வருவது குறி, கேளாமல் வருவது வாக்கு

1845 ஜூன் மாதத்தில் ஒரு நாள், ஹப்புத்தளையில் இடியும் மழையும் கொட்டித் தீர்த்துச் சற்று ஓய்ந்த நேரம். மழை விட்டுவிட்டதா என்று பார்க்கத் தங்குமடத்து விறாந்தையை விட்டு இறங்கினார் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். ஒரு மின்னல் மிச்சம் இருந்தது. அது அவர் மேல் விழுந்தது. பதுளைப் பகுதியின் ஆங்கில அதிகாரி அவர், பாதைகள் போட்டவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுத் தள்ளியவர் என்றும் பேர் வாங்கியவர். அவர் நினைவாக எழுப்பப்பட்ட புனித மாற்கு ஆலயம் 1857ஆம் ஆண்டிலிருந்து பதுளை நகரில் நிற்கிறது.

அந்த ஒரே மின்னலுக்கு ஊரில் இரண்டு உரைகள் உண்டு. கோயில் கட்டியவர்களுக்கு அது நல்ல அதிகாரி ஒருவரின் அகால மரணம். ஊர்ச் சனத்துக்கு அது யானைகளின் சாபம், மேலே இருப்பவன் கொடுத்த தீர்ப்பு. நுவரெலியாவில் இருக்கும் அவருடைய கல்லறையிலும் இடி விழுந்ததாம், சாபம் இன்னும் தீரவில்லையாம். இரண்டு உரைகளுமே மின்னல் அடித்து முடிந்த பிறகு எழுதப்பட்டவை. வானத்திலிருந்து வந்தது மின்னல் மட்டும். பொருள் கீழே நின்றவர்கள் கொடுத்தது.

கடவுள் மனிதரோடு பேசுகிறார், அதற்கென்று சிலரை வாயாக வைத்துக்கொள்கிறார் என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படை நம்பிக்கைகளில் ஒன்று. அந்தப் பேச்சு எப்படி வருகிறது, வந்தது அதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பவை குருமடத்துக்குள் பேசி முடிக்கிற கேள்விகள் அல்ல. பதுளை இருக்கும் ஊவா மாகாணத்தின் தோட்ட லயங்களில் வாரா வாரம் எழுகிற கேள்விகள் அவை.

வெள்ளிக்கிழமை இரவு பசறைப் பக்கமோ வெலிமடைப் பக்கமோ ஒரு தோட்டத்தில் நடக்கும் செபக் கூட்டத்துக்குப் போய்ப் பார்க்கலாம். காம்பராவுக்குள் பாய் விரித்திருக்கும். இடம் பற்றாதவர்களுக்கு வாசலில் பிளாஸ்டிக் கதிரை. ஒரு கீபோர்ட், காம்பராவின் அளவுக்கு நான்கு மடங்கு பெரிய ஒலிபெருக்கி, டவுனிலிருந்து வந்த பாஸ்டர். பாட்டு முடிந்ததும் அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். இங்கே ஒரு தாய் இருக்கிறார், அவருடைய பிள்ளையின் வெளிநாட்டுப் பயணம் தடைப்பட்டு நிற்கிறது என்று கர்த்தர் காட்டுகிறார் என்கிறார். மூன்று பெண்கள் விசும்பத் தொடங்குகிறார்கள். பயணம் தடைப்படாத பிள்ளை எந்த லயத்தில் இருக்கிறது?

இரண்டு லயம் தள்ளிக் கோடாங்கி உடுக்கை எடுத்தால் அங்கேயும் இதே தாய்க்கு இதே பதில் கிடைக்கும். வெற்றிலையும் எலுமிச்சையும் மட்டும் கூடுதல். கதிர்காமம் இதே ஊவா மாகாணத்தில்தான் இருக்கிறது. சாமி இறங்குவதும் அருள்வாக்குச் சொல்வதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தோட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பலவற்றுக்கு அது பாட்டன் காலத்து நினைவு. அதனால்தான் பாஸ்டரின் குரல் அவர்களுக்கு அந்நியமாகப் படுவதில்லை. ஞானஸ்நானம் எடுத்தாயிற்று, கோடாங்கியைப் பார்ப்பது பாவம் என்று படித்தாயிற்று; ஆனால் கோடாங்கியிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அப்படியே இருக்கிறது. கேள்வி மாறாமல் ஆள் மட்டும் மாறியிருக்கிறார். இதில் ஏளனம் செய்ய ஒன்றுமில்லை. டாக்டர் இல்லாத தோட்டத்தில், வட்டிக்கடன் கழுத்தை நெரிக்கும் வீட்டில், நாளைக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை விட நியாயமான கேள்வி வேறு எது?

ஆனால் விவிலியம் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. உபாகமம் 18ஆம் அதிகாரத்தில் குறி சொல்வோர், நாள் பார்ப்போர், மாந்திரீகர் எல்லோரையும் விலக்கிவிட்டு, அதே மூச்சில்தான் மோசேயைப் போன்ற ஒரு தீர்க்கதரிசி வருவார் என்ற பேச்சு வருகிறது. ஒன்றுக்கு மாற்றாக மற்றது. வித்தியாசம் எங்கே என்றால், குறி கேட்பவருக்கு வரும். காணிக்கை வைத்துக் கேட்க வேண்டும், கேட்டதற்குப் பதில் வரும், அன்றைக்கே வரும். வாக்கு அப்படி அல்ல. யாரும் கேட்காதபோது, கேட்க விரும்பாதவரைத் தேடி வருவது அது. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பறித்துக்கொண்டு அதைப் பார்க்கப் போன ஆகாப் ராசாவுக்கு முன்னால் எலியா போய் நின்றபோது, ராசா ஆள் அனுப்பி அவரை அழைக்கவில்லை.

கேட்டாலும் உடனே வராது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. எருசலேம் விழுந்த பிறகு மிஞ்சிய சனம், எகிப்துக்குப் போகலாமா இங்கேயே இருக்கலாமா என்று எரேமியாவிடம் கேட்டது. உயிர் போகிற அவசரம். அவருக்குப் பதில் கிடைத்தது பத்து நாள் கழித்து. அந்தப் பத்து நாளும் எரேமியா சும்மா இருந்தார். ஏதாவது ஒன்றைச் சொல்லி ஆளை அனுப்பிவைக்கவில்லை. வெள்ளி தோறும் மாலை ஆறரைக்குத் தவறாமல் வெளிப்பாடு பெறுகிறவர்கள் எரேமியாவை விட அதிர்ஷ்டசாலிகள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தக் குழப்பத்தில் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு. புரட்டஸ்தாந்து சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் சொல் ‘தீர்க்கதரிசி’. தீர்க்கம் என்றால் நீளம், தொலைவு, தரிசி காண்பவர். தூரத்தைக் காண்பவர் என்றதும் மனசு தானாக வருங்காலத்துக்குத் தாவிவிடுகிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘இறைவாக்கினர்’ என்று எழுதியது; இன்று கத்தோலிக்கக் கோயில்களில் ஒலிப்பது அதுதான். காண்பவர் போய் வாக்கைக் கொண்டுவருபவர் வந்தார். எபிரேய மூலத்தில் இருக்கும் ‘நபி’ என்ற சொல் இந்த இரண்டாவது பொருளுக்கே பக்கம். பதுளைக் கடைத்தெருவில் முஸ்லிம் வியாபாரியின் வாயில் தினமும் புழங்கும் அதே நபி. கிரேக்கச் சொல்லிலும் ஒருவருக்காக முன்னின்று பேசுபவர் என்ற பொருளே முந்தியது. ஆக, தோட்டத்துச் சபைகளில் ஒரு பாதி, தன் வேதப் புத்தகத்தின் சொல்லாலேயே கொஞ்சம் திசை மாறிப் போயிருக்கிறது.

வருங்காலத்தைப் பற்றித் தீர்க்கதரிசிகள் பேசவே இல்லையா என்றால், பேசினார்கள். பெரும்பாலும் எச்சரிக்கையாகப் பேசினார்கள். யோனா நினிவேக்குப் போய் நாற்பது நாளில் நகரம் அழியும் என்றார். சனம் மனம் மாறியது, நகரம் அழியவில்லை. குறிக்காரர் என்றால் அன்றோடு அவர் தொழில் போயிற்று. தீர்க்கதரிசி என்ற கணக்கில் அதைவிடப் பெரிய வெற்றி யாருக்கும் கிடைத்ததில்லை. யோனாவுக்கே இது விளங்காமல், சொன்னது நடக்கவில்லையே என்று கோபித்துக்கொண்டு நகரத்துக்கு வெளியே போய் உட்கார்ந்தார் என்பது அந்தக் கதையின் அழகு.

சரி, வாக்கு வருகிறது என்றால் எப்படி வருகிறது? மேலிருந்து ஒருவர் சொல்லச் சொல்லக் கீழே ஒருவர் எழுதிக்கொள்வது போலவா? பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விவிலியத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசித்தால் அந்தப் படம் நிற்காது. ஆமோசின் பேச்சில் ஆட்டு மந்தையும் சிங்கமும் வண்டிப் பாரமும் வருகின்றன. அவர் மந்தை பார்த்தவர், காட்டத்திப் பழம் பார்த்தவர். ஏசாயாவின் பேச்சில் எருசலேம் ஆலயமும் அரச சபையும் வருகின்றன. வாக்கு, யார் வாய் வழியாக வந்ததோ அவருடைய ஊரையும் தொழிலையும் பேச்சு வழக்கையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

அதற்கு ஒரு சின்ன உதாரணம். ஆமோஸ் ஒரு கூடையைக் காண்கிறார். உள்ளே பழுத்த கோடைப் பழங்கள். எபிரேயத்தில் கோடைப் பழத்துக்குச் சொல் ‘கயிட்ஸ்’. முடிவு என்பதற்குச் சொல் ‘கேட்ஸ்’. பழத்தைப் பார்த்தவர் காதில் முடிவு என்ற சொல் விழுகிறது. இஸ்ரவேலின் காலம் முடிந்தது என்று தெரிந்துகொள்கிறார். அவ்வளவுதான் தரிசனம்: ஒரு கூடை, ஒரு சொல்லின் ஓசை. தமிழில் வாசிப்பவருக்கு இந்தத் தொடுப்பு தெரியாது, ஏனென்றால் நம் மொழியில் பழமும் முடிவும் ஒத்து ஒலிப்பதில்லை. அதே ஆமோஸ் மடுல்சீமையில் பிறந்திருந்தால் பழக்கூடை அவர் கண்ணில் பட்டிருக்காது. முதுகில் தொங்கும் கொழுந்துக் கூடை பட்டிருக்கும். தேயிலை என்ற சொல்லுக்குள் ‘தேய்’ ஒலிப்பது காதில் விழுந்திருக்கும். மேலே ஏறி இறங்கும் மனிதர்கள் தேய்ந்து போவதைப் பற்றி அவர் பேசியிருப்பார்.

எரேமியா சொல்லச் சொல்ல எழுதியவர் பாருக்கு. யோயாக்கீம் ராசா குளிருக்கு நெருப்புச் சட்டி வைத்துக்கொண்டு அந்தச் சுருளை வாசிக்கக் கேட்டான். மூன்று நாலு பத்தி வாசித்ததும் சூரிக் கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். சுருள் முழுக்க எரிந்தது. எரேமியா மறுபடியும் சொன்னார், பாருக்கு மறுபடியும் எழுதினார். இந்த முறை இன்னும் பல பேச்சுகள் சேர்ந்துகொண்டன என்று அந்தப் புத்தகமே சொல்கிறது. வாக்கு மேலிருந்து எழுத்து பிசகாமல் இறங்குகிற ஒன்று என்றால் இரண்டாம் பிரதியில் கூடுதல் எப்படி வரும்? கத்தோலிக்கத் திருச்சபை 1965 நவம்பரில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வெளிப்பாடு பற்றிய ஏட்டில், விவிலியத்தை எழுதிய மனிதர்கள் தங்கள் ஆற்றலைப் பயன்படுத்திய உண்மையான ஆசிரியர்கள் என்று ஒப்புக்கொண்டது. எழுதுகோலாக இல்லை, எழுத்தாளராக. இது சின்ன விஷயம் அல்ல. கடவுள் பேசும்போது மனிதரின் வாய் மூடப்படுவதில்லை என்பது அதன் பொருள்.

இனி ஆமோசின் தராசுக்கு வரலாம். ஓய்வுநாள் எப்போது முடியும், தானியத்தை விற்கலாம், மரக்காலைச் சுருக்கலாம், கள்ளத் தராசால் ஏமாற்றலாம் என்று காத்திருந்த வியாபாரிகளை அவர் பிடித்துக் கேட்டார். இந்தப் பகுதியைத் தோட்டத்தில் வாசித்தால் விளக்கவுரை தேவைப்படாது. மலையில் கொழுந்து எடுத்துக் களைத்து வரும் பெண்கள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசையாக நிற்கிறார்கள். தராசில் பை ஏறுகிறது, முள் ஆடி நிற்கிறது, கணக்குப் புத்தகத்தில் எண் விழுகிறது. பையின் பாரம் என்று கொஞ்சம், மழை ஈரம் என்று கொஞ்சம், முற்றல் இலை என்று கொஞ்சம் கழியும். முள் காட்டிய எண் ஒன்று, புத்தகத்தில் விழுந்த எண் வேறு. அந்த ஒன்றிரண்டு கிலோவில்தான் முழு நாள் சம்பளமான முழுப்பேர் அரைப்பேர் ஆகிவிடுகிறது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது, 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா ஆனது. இரண்டுக்கும் நடந்த இழுபறியை மலையகம் அறியும். ஆனால் சம்பளத்தை வர்த்தமானியில் ஏற்றுவது ஒன்று, மடுவத்தில் இறக்குவது வேறொன்று. அந்தத் தராசைப் பற்றி எத்தனை பிரசங்க பீடங்கள் பேசியிருக்கின்றன? வெள்ளிக்கிழமைப் பாஸ்டரைக் குறை சொல்லும் பெரிய சபைகள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் தீர்க்கதரிசிகளைப் புத்தகத்துக்குள் பூட்டிவைத்திருக்கிறார்கள். ஞாயிறு வாசகம் முடிந்ததும் ஆமோஸ் மறுபடி அட்டைக்குள் போய்விடுகிறார்.

தரிசனம், அந்நிய பாஷை எல்லாம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதி என்று எண்ணுவோரும் உண்டு. அப்படி அல்ல. தோட்டத்துத் தமிழர்களிடையே கிறிஸ்தவ ஊழியத்துக்கு அங்கிலிக்கன் மிஷன் 1854இல் தொடங்கப்பட்டபோது அதன் உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். அதே திருநெல்வேலிச் சீமையில் 1860 முதல், அருளப்பன் என்ற தமிழ் ஊழியரைச் சுற்றி ஒரு எழுப்புதல் கிளம்பியது. கிறிஸ்தியான்பேட்டையிலும் சுற்று ஊர்களிலும் ஆண்களும் பெண்களும் தரிசனம் கண்டார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். அமெரிக்கப் பெந்தெகொஸ்தே இயக்கத்துக்கு அது நாற்பது ஆண்டுகள் மூத்தது. பிறகு கேரளத்திலிருந்து சிறுவனாகக் கொழும்புக்கு வந்த ராமன்குட்டி, கிறிஸ்துவைத் தரிசனத்தில் கண்டு பவுல் ஆனார். 1920களில் அவர் தொடங்கிய இலங்கைப் பெந்தெகொஸ்தே மிஷன் வெள்ளை உடுப்பு ஊழியர்களோடு தமிழ்நாடெங்கும் பரவியது. கொடுத்தது இலங்கை, வாங்கியது இந்தியா. இந்த எழுப்புதல்களில் பேசியவர்களில் பெண்கள் நிறையப் பேர். விவிலியத்தில் தீர்க்கதரிசனம் சொன்ன உல்தாளையும் பிலிப்புவின் நான்கு மகள்களையும் வாசித்த சபைக்கு அது வியப்பாக இருந்திருக்கக் கூடாது.

பிசகியதும் உண்டு. திருவிதாங்கூரில் ஜஸ்டஸ் யோசேப்பு என்ற குரு, பிராமணக் குடும்பத்திலிருந்து வந்தவர், கிறிஸ்து 1881இல் திரும்பி வருவார் என்று நாள் குறித்தார். 1881 வந்தது, போனது. நம்பியவர்கள் கலைந்துவிடவில்லை, விளக்கம்தான் மாறியது. சொன்னது நடக்காவிட்டால் அந்தத் தீர்க்கதரிசிக்கு அஞ்ச வேண்டாம் என்று அதே உபாகமம் 18 சொல்வதை, ஏமாந்த சனம் எந்தக் காலத்திலும் வசதியாக மறந்துவிடுகிறது.

அதனால்தான் பவுல் கொரிந்து சபைக்கு ஒரு நடைமுறை விதி வைத்தார்: இரண்டு மூன்று பேர் தீர்க்கதரிசனம் சொல்லலாம், மற்றவர்கள் அதை எடைபோட்டுப் பார்க்க வேண்டும். சொல்பவர் ஒருவர், நிறுப்பது சபை. வத்திக்கானும் 2024 மே மாதம் வெளியிட்ட புதிய நெறிகளில், காட்சி கண்டதாகச் சொல்லப்படும் சம்பவங்களை ‘இது இயற்கைக்கு மேற்பட்டதுதான்’ என்று முத்திரை குத்துவதை வழக்கமாகக் கொள்ளாமல் நிறுத்திக்கொண்டது. கெடுதல் இல்லை, பக்திக்குத் தடை இல்லை என்ற அளவில் நிற்கிறது. கொழும்பில் ஆயிரக்கணக்கில் சனம் கூடும் மண்டபங்களில் தீர்க்கதரிசி என்ற பட்டத்தோடு மேடை ஏறுவோருக்கு இந்த நிதானம் அந்நியம். மேடையில் ஒலிவாங்கி ஒருவர் கையில் மட்டும் இருந்தால் எடைபோடுவது யார்?

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. பெற்றோரும் இல்லை. இது யாருக்காவது முன்கூட்டியே காட்டப்பட்டதா என்ற கேள்விக்குப் பதில், காட்டப்பட்டது என்பதே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும், இந்த இடம் ஆபத்தானது, சனத்தை வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்று எச்சரித்திருந்தது. மண்ணை ஆராய்ந்தவர்கள் எழுதிய சாதாரண அலுவலகக் கடிதம். அதில் தரிசனம் எதுவும் இல்லை. யோயாக்கீம் சுருளை எரித்தான். இங்கே யாரும் எரிக்கவில்லை, கோப்பில் போட்டு வைத்தார்கள். நினிவேயாக இருந்திருந்தால் சனம் உயிர் பிழைத்திருக்கும், எச்சரித்தவர்களுக்குப் பிழையாகச் சொன்னவர்கள் என்ற பேர் கிடைத்திருக்கும்.

நிலவியல் அறிக்கையைத் தீர்க்கதரிசனம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு சபைக்கு வாக்கு வந்திருந்தால், அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தோட்ட அலுவலகத்து வாசலில் போய் நிற்கச் சொல்லியிருக்கும் என்று நினைக்க இடம் இருக்கிறது. எலியா போய் நின்றது போல.

அப்படி நின்றவர்கள் ஊவாவில் இல்லாமல் இல்லை. 1972 டிசம்பரில் பதுளை தனி மறைமாவட்டமானபோது, வசதியான கண்டி மறைமாவட்டத்தின் ஆயராக இருந்த லியோ நாணயக்கார, தானே விரும்பி இந்த ஏழை மறைமாவட்டத்துக்கு வந்தார். கத்தோலிக்கர் விரல்விட்டு எண்ணக்கூடிய இடம்; தோட்டத் தமிழரும் சிங்களக் கிராமத்தவரும் அருகருகே வறுமையில் இருந்த இடம். பண்டாரவளையில் அவர் தொடங்கிய சேவக செவன குருமடத்தில் கற்பிக்க வந்தவர்களில் ஒருவர் அமலமரித் தியாகிகள் சபைக் குரு மைக்கல் ரொட்ரிகோ. ரோமிலும் பாரிசிலும் இரண்டு முனைவர் பட்டம் வாங்கியவர். 1980இல் அந்தப் பட்டங்களை ஓரமாக வைத்துவிட்டுப் புத்தலைக்குப் பக்கத்தில் அலுகலவிட்ட என்ற பௌத்தக் கிராமத்தில் ஒரு சிறிய வீட்டில் குடியேறினார். யாரையும் மதம் மாற்றப் போகவில்லை. விகாரைப் பிக்குமாரோடு பேசினார், மூலிகை மருத்துவம் கற்றார், கரும்புச் செய்கைக்காக நிலத்தை இழந்துகொண்டிருந்த விவசாயிகளின் பக்கம் நின்று பேசினார். நாபோத்தின் கதை அங்கே திரும்பவும் நடந்துகொண்டிருந்தது.

1987இல் தெற்கில் துப்பாக்கிகள் ஓய்வில்லாமல் இருந்தன. மிரட்டல்கள் வந்தன. நவம்பர் 10 மாலை, அந்த வீட்டில் ஒரு சிலர் மட்டும் கூடிய திருப்பலியில், கிராமத்தை விட்டுப் போவதா இங்கேயே இருப்பதா என்று பேசிக்கொண்டார்கள். பூசை முடியும் வேளையில் வெளியிலிருந்து சுட்டார்கள். அவருக்கு அறுபது வயது.

ஹப்புத்தளைக்குக் கீழே பெரகலையில் பிரியும் அதே பாதைதான் கொஸ்லந்தையைத் தாண்டி, வெல்லவாய வழியாகப் புத்தலைக்கு இறங்குகிறது. மேஜர் ரொஜர்சுக்கு மின்னல் விழுந்த மலையிலிருந்து மைக்கல் ரொட்ரிகோ விழுந்த கிராமம் வரைக்கும் அதே பாதையில் வரலாம், நடுவில் மீரியபெத்தை. பஸ் நிறுத்தங்களின் சுவரில் அடுத்த விடுதலைக் கூட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டியிருக்கும், தீர்க்கதரிசியின் படம் பெரிதாக, நேரம் மாலை ஆறரை.